நெற்றிக் கோடு, கண்ணோரச் சுருக்கம்: புதுச்சேரி, கடலூர் பக்கம் என்ன சிகிச்சை எடுக்கலாம்?

கெடிலக்கரை

வணக்கம். எனக்கு வயது 47. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில். பல வருடமாக ஸ்கூட்டியிலேயே போய் வருகிறேன். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. சும்மா நின்றுகொண்டிருந்தாலும் வாடிக்கையாளர்கள் "என்னக்கா, கோபமா இருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். புடவை எடுத்துப் போடுகிற வேலையில் முகம் கடுகடுவென்று தெரிந்தால் எப்படி வியாபாரம் நடக்கும்? நெற்றியில் குறுக்குக் கோடுகள், கண்ணோரச் சுருக்கம், மூக்கிலிருந்து வாயோரம் வரை மடிப்பு, இவையும் உண்டு.

கடையில் விற்கிற கிரீம்கள் நிறைய போட்டுப் பார்த்தாயிற்று. போன வாரம் ஒரு அழகு சிகிச்சை மையத்தில் விசாரித்தேன். ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்துவிட்டு லேசர், ஃபில்லர், போடாக்ஸ் மூன்றும் சேர்த்து 65,000 ரூபாய் என்றார்கள். அன்றைக்கே பணம் கட்டினால் 10,000 குறைப்பார்களாம். யார் செய்வார் என்று கேட்டால் "எங்க டாக்டர் வருவார்" என்பதோடு சரி. நான் எதுவும் கட்டாமல் வந்துவிட்டேன். இந்த மூன்றில் எனக்கு உண்மையில் எது தேவை? செய்துகொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை பிரியா

அக்கா, ஊசியெல்லாம் எதற்கு? கஸ்தூரி மஞ்சள், கற்றாழை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து காலையில் தடவிக் கழுவுங்கள். என் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முகம் பளிச்சென்று இருக்கிறது.

தோல் மருத்துவர், புதுச்சேரி

பிரியா, மஞ்சளும் கற்றாழையும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் சுருக்கம் இருக்கும் ஆழத்துக்கு அவை இறங்குவதில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் வெயிலுக்கு முன்னால் முகத்தில் தடவவே வேண்டாம். அந்த இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கும்; ஆறிய பிறகு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். சித்திரை, வைகாசியில் இப்படி வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கெடிலக்கரை, நீங்கள் பணம் கட்டாமல் வந்தது நல்லது. சுருக்கம் எல்லாமே ஒரே வகை இல்லை. வகை தெரியாமல் சிகிச்சையைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளர்வாக விடுங்கள். பிறகு புருவத்தைச் சுளியுங்கள், உயர்த்துங்கள், சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் தெரிந்து, விட்டதும் மறைகிற கோடு தசை இழுப்பதால் வருவது. சும்மா இருக்கும்போதும் நிற்கிற கோடு, தோலுக்குள் கொலாஜன் (தோலை உறுதியாக வைக்கும் புரதம்) உடைந்ததால் ஆனது. மூக்கோரம் விழுகிற மடிப்பு பெரும்பாலும் கன்னத்தின் கொழுப்பு குறைந்து, தோல் தொய்ந்து வருவது. முதல் வகைக்கு போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி). இரண்டாவதுக்கு வெயில் தடுப்பு, ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை, தடவும் மருந்து), தேவைப்பட்டால் பீல் (அமிலம் தடவித் தோலை உரிப்பது), மைக்ரோநீடிலிங் (நுண் ஊசிகளால் குத்துவது), லேசர். மூன்றாவதுக்கு ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்), மிகவும் தொய்ந்திருந்தால் அறுவை சிகிச்சை. பலருக்கு மூன்றும் கலந்திருக்கும். ஆனாலும் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். ஒரே நாளில் மூன்றையும் விற்பவர் அந்த வரிசையை யோசிக்கவில்லை.

மாதவிடாய் நிற்கும் வயதையும் கணக்கில் வையுங்கள். நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. "திடீரென்று வயசாகிவிட்டது" என்று இந்த வயதுப் பெண்கள் சொல்வது கற்பனை இல்லை.

கெடிலக்கரை

நன்றி டாக்டர். பார்த்தேன். நெற்றிக் கோடு அசைத்தால்தான் தெரிகிறது. புருவ நடுக்கோடு சும்மா இருந்தாலும் லேசாக நிற்கிறது, சுளித்தால் நன்றாக ஆழமாகிறது. கண்ணோரத்தில் ஒன்று புதிதாகக் கவனித்தேன்: வலது பக்கம் இடதைவிட மோசம். வலது கன்னத்தில் மங்கும் அதிகம். இது ஏன்?

முதுநகர் ஓட்டுநர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. கடலூர், புதுச்சேரி தடத்தில் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் வடக்கே போகும்போது சூரியன் கிழக்கே கடல் பக்கம், அதாவது உங்கள் வலது கைப் பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பும்போது சூரியன் மேற்கே, அப்போதும் வலது கைதான். அரியாங்குப்பம் தாண்டி, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரை போகும்போது கன்னம் எரிவது தெரியுமே. எனக்கும் வலது பக்கம் மட்டும் தோல் தடித்து, கோடு கோடாக இருக்கிறது. வீட்டில் கேலி செய்வார்கள். டாக்டர், எனக்கும் ஏதாவது வழி இருக்கிறதா?

தோல் மருத்துவர், புதுச்சேரி

மிகச் சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு படம் வந்தது. 69 வயது அமெரிக்கர், 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடது பக்கம், அதனால் அவருடைய இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கியது. வலது பக்கம் பல வருடம் இளமையாகத் தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே வயது. புற ஊதாக் கதிரில் ஏ வகை சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். தோலைச் சிவக்க வைக்காமலே உள்ளே கொலாஜனை உடைக்கும்.

வெயிலைத் தடுத்தால் பலன் உண்டா என்பதற்கும் விடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 900க்கு மேற்பட்டவர்களை நான்கரை வருடம் பின்தொடர்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோலில் முதுமை அறிகுறிகள் 24 சதவீதம் குறைவு. இது வெள்ளைத் தோலில் செய்த ஆய்வு. நம் மாநிறத் தோலுக்கு இயற்கையாகக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, சுருக்கம் தாமதமாக வரும். ஆனால் வெயில் பட்டால் மங்கு, கருமை நமக்குத்தான் சீக்கிரம் வரும்.

எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஏ வகைக் கதிருக்கான பிஏ குறி மூன்று பிளஸ் போட்டதாக வாங்குங்கள். முகம், கழுத்துக்குச் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிய வேண்டும். பொட்டு வைப்பதுபோல் போட்டால் அட்டையில் எழுதிய பலன் கிடைக்காது. மங்கு உள்ளவர்கள் நிறமூட்டிய வகையை வாங்கலாம். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். அண்ணே, உங்களுக்கும் முதல் மருந்து இதுதான். டெப்போவிலிருந்து வண்டி எடுக்கும் முன் ஒரு முறை, மதியம் ஒரு முறை. அந்தக் கன்னத்தில் ஆறாத புண்ணோ, வளர்ந்துகொண்டே போகும் மருவோ இருந்தால் ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.

லாஸ்பேட்டை மீனா

கெடிலக்கரை அக்கா, தயவுசெய்து லேசரை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். மையத்தின் பெயர் வேண்டாம். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு முன்னால் கண்ணோரச் சுருக்கத்துக்காக ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்தார்கள். என் நிறத்துக்கு ஏற்ற அளவு வைக்கிறோமா என்று யாரும் பேசவில்லை. வெயில் காலம் வேறு. "மூன்று நாளில் சரியாகிவிடும்" என்றார்கள். பொருக்கு உதிர்ந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கன்னத்தில் கருப்புப் புள்ளிகள் சதுரம் சதுரமாக, வரிசை மாறாமல் வந்தன. மெஷின் முனையை எங்கெங்கே வைத்தார்கள் என்பதை எண்ணிவிடலாம். கல்யாணப் போட்டோவில் எல்லாவற்றிலும் இடது பக்கமாகத் திரும்பி நிற்கிறேன். திரும்பப் போய்க் கேட்டால், "நீங்க வெயில்ல போயிருப்பீங்க" என்று என் மேலேயே போட்டார்கள். மங்கி மறைய ஒரு வருடம் ஆகிவிட்டது.

தோல் மருத்துவர், புதுச்சேரி

மீனா, உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நம் தோலில் நிறமி செய்யும் செல்கள் சுறுசுறுப்பானவை. சூடு, காயம், அழற்சி எது பட்டாலும் கூடுதலாக நிறமியைக் கொட்டும். வெளிநாட்டில் ஒருவருக்கு வெறும் சிவப்பாகி ஆறுகிற அதே லேசர், நமக்குக் கருப்பாகி நிற்பது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலில் உள்ள தண்ணீர் அதை உறிஞ்சிச் சூடாகி ஆவியாகும். ஃப்ராக்ஷனல் என்றால் முகம் முழுக்கச் சுடாமல், நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, நடுவே நல்ல தோலை விட்டுவைப்பது. 2004இல் இந்த முறை வெளியான பிறகுதான் மாநிறத் தோலுக்கு லேசர் ஓரளவு பாதுகாப்பானது. அப்போதும் புள்ளிகளின் அடர்த்தியைக் குறைத்து வைக்க வேண்டும். காதருகே ஒரு சிறு இடத்தில் செய்து பார்த்துக் காத்திருக்க வேண்டும். உதட்டில் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தர வேண்டும். பங்குனி தொடங்கி ஆவணி வரை நம் கடற்கரை வெயிலில் நான் இதைத் தள்ளிப்போடச் சொல்வேன்.

பீல் விஷயமும் இப்படித்தான். கிளைகாலிக் அமிலத்தைக் குறைந்த அடர்த்தியில் தொடங்கி, சில வாரம் இடைவெளி விட்டுச் செய்தால் மேலோட்டமான கோடும் மங்கும் கொஞ்சம் மட்டுப்படும். ஆழமான கோட்டுக்கு அது போதாது. ஃபீனால் பீல் ஆழமான சுருக்கத்தையே எடுக்கும், ஆனால் நம் நிறத்துக்கு அது வேண்டாம். இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. மைக்ரோநீடிலிங்கில் சூடு இல்லாததால் கருக்கும் அபாயம் லேசரைவிடக் குறைவு. பலன் மெதுவாகத்தான் தெரியும், சில முறை செய்ய வேண்டும். ஆன்லைனில் ரோலர் வாங்கி வீட்டில் உருட்டுவது மட்டும் கூடாது; தொற்று வந்தால் தழும்பில் போய் முடியும்.

மருந்தாளுநர், திருப்பாதிரிப்புலியூர்

டாக்டர் சொன்ன ட்ரெட்டினாயினைப் பற்றி நான் சேர்க்கிறேன். சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் உள்ள தடவும் மருந்து இது. சில நூறு ரூபாய்தான். ஆனால் தினமும் கவுன்ட்டரில் ஒரு விஷயத்தைப் பார்த்து மனம் வெதும்புகிறேன். "முகத்துக்கு அந்த வெள்ளை டியூப் கொடுங்க" என்று வருகிறார்கள். கேட்பது மொமெட்டசோன் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன் (நிறத்தை வெளுக்கும் மருந்து), ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். போட்ட கொஞ்ச நாள் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு ஓடி, முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். சுருக்கத்தைக் குறைக்கப் போய்த் தோலையே மெல்லியதாக்கிவிடும். 2018இல் அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அட்டையைத் திருப்பி உட்பொருள் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் டாக்டரைக் கேட்காமல் முகத்தில் வைக்காதீர்கள்.

தனி ட்ரெட்டினாயினுக்கும் சீட்டு வேண்டும். வழக்கமாக 0.025 சதவீதத்தில் தொடங்குவார்கள். இரவில் முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு. கண் இமை, உதட்டு ஓரம், மூக்கு மடிப்பு விட்டுவிடுங்கள். முதல் சில வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு போதும், மேலே மாய்ஸ்சரைசர். தோல் உரியும், கொஞ்சம் எரியும். அதற்குப் பயந்து பத்து நாளில் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் பலன் தெரிய. கர்ப்பமாக இருப்பவர்கள், திட்டமிடுபவர்கள் போடக் கூடாது.

தென்பெண்ணை

எல்லாம் சரி. ஆனால் வயதானால் சுருக்கம் வரத்தானே செய்யும்? நம் பாட்டிகளின் முகத்துக்கு என்ன குறை? சம்பாதிப்பதைக் கொண்டுபோய் ஊசியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கெடிலக்கரை

அண்ணா, என் பாட்டியின் முகம் எனக்கும் பிடிக்கும். நான் இருபது வயதாகத் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை. எட்டு மணிநேரம் நின்று, நூறு பேரிடம் சிரித்துப் பேசி, கடைசியில் "ஏன் கோபம்?" என்ற கேள்வி வருவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதலாளியும் இரண்டு முறை சொல்லிவிட்டார். என் முகம் நான் நினைப்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அலையோரம்

அக்காவுக்கு நான் சொல்கிறேன், போடாக்ஸ் எடுத்தவள். எனக்கும் புருவ நடுவேதான் பிரச்சினை. புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். முதல் நாள் ஊசியே போடவில்லை. சுளிக்கச் சொல்லி, விடச் சொல்லி, போட்டோ எடுத்துவைத்துக்கொண்டார். தசைத் தளர்ச்சி நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, தாய்ப்பால், எல்லாம் கேட்டார். அடுத்த முறை என் கண்ணெதிரே குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டினார். வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி வைத்தார். ஐஸ் கட்டி வைத்துவிட்டு, இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசி. எறும்புக் கடிதான். 20 யூனிட், யூனிட்டுக்கு 350 ரூபாய் என்று 7,000 வாங்கினார். அன்றைக்குச் சாயங்காலம் தலைவலித்தது. நாலைந்து மணிநேரம் படுக்காதே, நெற்றியைத் தேய்க்காதே என்றார்.

அன்றைக்கே கோடு போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாலைந்து நாளில் சுளிக்க முயன்றால் தசை கேட்காது. இரண்டு வாரத்தில் முழுப் பலன். ஆழமாக நின்ற கோடு மங்கியது, முழுக்கப் போகவில்லை. நான்கு மாதத்தில் பழையபடி வந்தது. இரண்டாவது முறை நெற்றிக்கும் சேர்த்துப் போட்டபோது புருவம் பாரமாக இருந்தது. அடுத்த முறை அவரே நெற்றிக்கு அளவைக் குறைத்தார்.

தோல் மருத்துவர், புதுச்சேரி

அலையோரம் சொன்ன டாக்டர் முறையாகச் செய்திருக்கிறார். இந்த மருந்து அழகுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக இதை உருவாக்கினார். அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் மருத்துவரும், தோல் மருத்துவரான அவர் கணவர் அலஸ்டரும், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவக் கோடு மறைவதைக் கவனித்து 1992இல் எழுதினார்கள். புருவ நடுக்கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல், கண்ணோரத்துக்கு 2013இல், நெற்றிக்கு 2017இல் வந்தது. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் அசிட்டைல்கோலின் வெளிவருவதை இது தடுக்கிறது. நரம்பு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது பலன் குறைகிறது. அதனால்தான் மூன்று, நான்கு மாதம்.

தவறான இடத்தில் இறங்கினால் இமை தொங்கும். வாரக்கணக்கில் இருந்து தானாகச் சரியாகும், ஆனால் அதுவரை வேலைக்குப் போக மனம் வராது. போடாக்ஸின் யூனிட்டும், அதே வகையில் வேறு தயாரிப்பான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல; விலையை ஒப்பிடும்போது எந்த மருந்து என்று கேளுங்கள். ஒரு யூனிட் மலிவு என்று தண்ணீராகக் கலக்கிப் போடும் இடங்களும் உண்டு.

லாஸ்பேட்டை மீனா

டாக்டர், ஃபில்லர் பற்றியும் சொல்லிவிடுங்கள். என் தோழி மூக்கோர மடிப்புக்குப் போகப் போகிறாள்.

தோல் மருத்துவர், புதுச்சேரி

ஹயலுரோனிக் அமில ஃபில்லர் என்றால் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தால் கரைக்கலாம். கரையாத, நிரந்தர வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அபாயம் சிறிய எண்ணிக்கைதான், ஆனால் கடுமையானது. ஊசி ரத்தக் குழாய்க்குள் போனால் ஜெல் அதை அடைத்துவிடும். புருவ நடு, மூக்கு, மூக்கோரம் ஆபத்தான இடங்கள்; அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. போடும்போதோ பிறகோ தோல் வெளிறினால், வலை மாதிரி நீலக்கோடு வந்தால், தாங்க முடியாமல் வலித்தால், பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. உங்கள் தோழி கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஹயலுரோனிடேஸ் இந்த அறையில் இருக்கிறதா, காட்டுங்கள்." இல்லை என்றால் எழுந்து வந்துவிடட்டும். கெடிலக்கரை, இதனால்தான் உங்கள் புருவக் கோட்டிலும் ஃபில்லர் வேண்டாம் என்கிறேன்.

யார் கையில் ஊசி என்பதுதான் இதில் பாதி. தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா என்று பாருங்கள். மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் படிப்பு ஆகாது. அழகு சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடும் கிடைக்காது. ஏதாவது கெட்டால் செலவு உங்களுடையதுதான்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. அந்த 65,000 திட்டம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாளையிலிருந்து சன்ஸ்கிரீன். அடுத்த வாரம் எம்.டி. படித்த ஒருவரிடம் காட்டி ட்ரெட்டினாயின் கேட்கிறேன். அது தோலுக்குப் பழகிய பிறகு புருவ நடுவே மட்டும் போடாக்ஸ். வாயோர மடிப்பை அப்படியே விடுகிறேன், அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஹெல்மெட் போட்டு ஓட்டும்போது சன்ஸ்கிரீன் வியர்வையில் வழிந்து கண் எரிகிறது. என்ன செய்யலாம்?

தோல் மருத்துவர், புதுச்சேரி

ஜெல் வகை, தண்ணீரில் கரையாதது என்று எழுதியதை வாங்குங்கள். கிளம்புவதற்குக் கால் மணிநேரம் முன்பே போட்டுக் காயவிடுங்கள். கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள குச்சி வகை போட்டால் வழியாது. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி ஓட்டுவதால்தான் அந்தப் புருவத் தசை நாள் முழுக்க வேலை செய்கிறது. கூலிங் கிளாஸ் போடுங்கள்.

முதுநகர் ஓட்டுநர்

டாக்டர், எனக்கும் அதே ஜெல் போதுமா? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வண்டி எடுக்கும் நாளிலும் போட வேண்டுமா?

தோல் மருத்துவர், புதுச்சேரி

போதும் அண்ணே. விடிவதற்கு முன் தேவையில்லை. முதல் நடை முடிந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், வலது முன்கைக்கும் சேர்த்து.